ஈரம் தங்கும் இடுக்குகள்: பழைய கார்களின் உள்துருவைத் தடுப்பது எப்படி?

அம்பாசடரின் இன்ஜினை எந்த ஊரிலும் இறக்கிப் பிரித்து மறுபடி ஓட வைத்துவிடலாம். பிஸ்டன் ரிங், வால்வு, கார்புரேட்டர் கிட் என்று தேடினால் ஏதாவது ஒரு கடையில் கிடைக்கும். கிடைக்காததைக் கடைசல் பட்டறையில் செய்துகொள்ளலாம். கதவுக்கு அடியில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஓடும் படி உள்ளுக்குள் அரித்துப்போனால் சங்கதி வேறு. அந்தப் படி ஒரு மூடிய பெட்டிக்குழாய். வண்டியின் பாரத்தைத் தாங்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வெளியே புதுப் பெயின்ட் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே தகடு விரலால் அழுத்தினால் பொத்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருக்கும். பஞ்சர் போட ஜாக்கி வைக்கிற நாளில், வண்டி மேலே போகாமல் ஜாக்கி தகட்டுக்குள் ஏறும்போதுதான் சொந்தக்காரருக்கே தெரியவரும்.

பழைய கார் வைத்திருப்பவர்களிடையே துருவுக்கு மருந்து சொல்ல ஆள் பஞ்சமில்லை. அடியில் தார் அடித்துவிடு என்பார் ஒருவர். வேஸ்ட் ஆயில் போதும் என்பார் அடுத்தவர். கவர் போட்டு மூடி வை, வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய், ரெட் ஆக்ஸைடு அடித்து மேலே பட்டி வை, அந்தக் காலத்துத் தகடு கனமானது, ஒன்றும் ஆகாது. இப்படிப் பல குரல்கள். இவற்றில் எது நிற்கும், எது கெடுதல் செய்யும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒரே அளவுகோல் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டுகிறது. வண்டிக்குள் நீர் வராமல் தடுப்பது யாராலும் முழுதாக ஆகாத காரியம். வந்த நீர் எவ்வளவு விரைவாக வெளியேறிக் காய்கிறது என்பதே தகட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நம் ஊர்ப் பராமரிப்பில் பெரும்பகுதி முதல் வேலைக்கே செலவாகிறது. இரண்டாவதைக் கவனிப்பவர்கள் குறைவு.

ஈரமாக இருக்கும் நேரம்

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்பது பள்ளிப்பாடம். அந்தப் பாடத்தில் விடுபட்டுப்போவது காலக் கணக்கு. பிரிட்டனைச் சேர்ந்த டபிள்யூ. எச். ஜே. வெர்னன் 1930-களில் செய்த சோதனைகளில், கந்தக வாயு கலந்த காற்றில்கூட ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை இரும்பு அதிகம் கெடவில்லை. அந்த எல்லையைத் தாண்டியதும் அரிப்பு விறுவிறுவென ஏறியது. கடலுப்பு சேர்ந்தால் எல்லை இன்னும் இறங்கும். சாப்பாட்டு உப்பு 75 விழுக்காடு ஈரப்பதத்தில் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். ஆனால் கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். அதாவது, ஒரு சொட்டு மழை பெய்யாமலேயே பெசன்ட் நகரில் நிற்கும் காரின் உட்புறத் தகட்டின் மேல் உப்புநீர்ப் படலம் உருவாகிவிடும்.

இதனால்தான் உலோக அரிப்பைக் கணக்கிடும் ஐஎஸ்ஓ 9223 தரநிலை, மழையின் அளவை விட்டுவிட்டு 'ஈரமாக இருக்கும் நேரம்' என்ற அளவை எடுத்துக்கொள்கிறது. வெப்பநிலை உறைநிலைக்கு மேலும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேலும் இருக்கும் மணிநேரங்களின் கூட்டுத்தொகை அது. ஐப்பசியில் தொடங்கி மாசி வரை சென்னையின் விடியற்காலைகள் அந்த எண்பதை எளிதாகத் தொட்டுவிடுகின்றன. அதே தரநிலை இடங்களைத் தரம் பிரிக்கிறது. நடுத்தர அரிப்புள்ள சூழலில் திறந்த இரும்பு முதல் ஆண்டில் 25 முதல் 50 மைக்ரான் வரை இழக்கும். மிகக் கடுமையான சூழலில் 80 முதல் 200 மைக்ரான் வரை. பழைய கார்களின் பாடித் தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனம் கொண்டது. திறந்தவெளியில் முதல் ஆண்டுக்குப் பிறகு இந்த வேகம் பொதுவாகக் குறையும். காற்றோட்டமில்லாத இடுக்குகளில் அந்த ஆறுதலும் இல்லை.

இடுக்கு ஏன் தனி ஆபத்து என்பதைக் கேம்பிரிட்ஜில் யு. ஆர். எவன்ஸ் 1920-களில் ஒரே ஒரு உப்புநீர்த் துளியைக் கொண்டு காட்டினார். இரும்பின் மேல் விழுந்த துளியின் ஓரத்தில் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது, நடுவில் கிடைப்பதில்லை. அரிப்பு ஆக்சிஜன் மிகுந்த ஓரத்தில் நடக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். நடப்பது தலைகீழ். ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதிதான் கரைந்து குழியாகிறது. மட்கார்டின் உள்மடிப்பில் அப்பிக்கிடக்கும் ஈரச் சேறு, கார்ப்பெட்டுக்கு அடியில் நனைந்த சணல் விரிப்பு, ஸ்பாட் வெல்டிங் செய்த இரண்டு தகடுகளின் நடுவே நூலளவு இடைவெளி, எல்லாம் அந்தத் துளியின் நடுப்பகுதிக்குச் சமம். காற்று புகாத ஈரம் காற்றோட்டமான ஈரத்தைவிடக் கொடியது. துருவாக மாறும் இரும்பு தன் பழைய பருமனைவிடப் பல மடங்கு ஊதும் என்பதால் வெல்டிங் செய்த தகடுகளையே அது பிளந்துவிடும். பிளந்த இடைவெளியில் இன்னும் நீர் ஏறும்.

இந்த அறிவு நமக்கு அயல்சரக்கும் அன்று. அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் கொடுத்து, 1953-இல் காரைக்குடியில் தொடங்கிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிப்பு ஆராய்ச்சியில் நாட்டின் முதன்மையான இடங்களில் ஒன்று. மண்டபத்துக் கடற்காற்றில் உலோகத் தகடுகளை வைத்துச் சோதிப்பது அதன் நெடுநாள் வேலை. பக்கத்திலேயே பாம்பன். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தை உப்புக்காற்றிடமிருந்து காப்பதே நூறாண்டுப் போராட்டமாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் சிறப்புப் பாலிசிலாக்ஸேன் பூச்சு கொடுத்ததோடு, இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்திருக்கிறார்கள். நீர் புகுந்து தங்கும் இடுக்கே இல்லாமல் செய்துவிடுவது பூச்சுக்கு ஈடான பாதுகாப்பு. பழைய காரில் அந்த வசதி இல்லை. அதன் உடம்பு முழுக்க இடுக்குகள்.

மூன்று வண்டிகளின் உடற்கூறு

தமிழ்நாட்டில் இன்று பழைய கார் என்று போற்றி வைத்திருப்பவற்றில் மூன்று பெயர்கள் அடிக்கடி வரும். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து, 1950-களின் இறுதி முதல் 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவான அம்பாசடர். பம்பாய் குர்லாவில் ஃபியட் 1100 ஆகத் தொடங்கி 1970-களில் பெயர் மாறிய பிரீமியர் பத்மினி. மூன்றாவது நம்முடையது: பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

முதல் இரண்டுக்கும் தனிச் சேஸி கிடையாது. பாடியே பாரம் தாங்குகிறது. தரைத்தகடும் கதவுப்படிகளும் சேர்ந்துதான் வண்டி நடுவில் தொய்யாமல் பிடித்திருக்கின்றன. படி அரித்த அம்பாசடரை ஜாக்கியில் ஏற்றிக் கதவைத் திறந்தால், மறுபடி மூடும்போது கதவு தூணில் இடிக்கும். வாங்கும் முன் செய்து பார்க்க இதைவிட எளிய சோதனை இல்லை. அரித்த படியை வெட்டி மாற்றும் டிங்கர், முதலில் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வெல்டிங் செய்து பாடியை நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்யாமல் வெட்டிய வண்டியில் கதவுகள் பிறகு எக்காலமும் ஒழுங்காகச் சேராது.

ஹெரால்டின் கதை தனி. பிரிட்டனில் ஹெரால்டை உருவாக்கிய கம்பெனிக்குப் பாடி செய்துகொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய ஆளில்லாமல் போனதால், இத்தாலியரான மிக்கெலொட்டி வரைந்த அந்த வண்டியைத் துண்டு துண்டாகச் செய்து, போல்ட் போட்டு, தனிச் சேஸியின் மேல் உட்காரவைத்தார்கள். நான்கு கதவு ஹெரால்டு நம் ஊருக்கென்றே செய்தது. துருவைப் பொறுத்தவரை இந்த அமைப்பில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. கெட்ட துண்டைக் கழற்றி வேறு போடலாம். படி பாரம் சுமப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு போல்ட் இணைப்பும் நீருக்கு ஒரு வாசல். சேஸியிலிருந்து பக்கவாட்டில் கிளைவிடும் கைகள் மூடிய பெட்டிகளாக இருப்பதால், சேறு புகுந்தால் உள்ளிருந்து அரித்துக் கொட்டும். ஹெரால்டு வாங்குபவர் பாடியைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் தரையில் படுத்து அந்தக் கைகளைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

'அந்தக் காலத்துத் தகடு கனம்' என்ற நம்பிக்கையை இங்கேயே பேசி முடித்துவிடலாம். கனம் ஓரளவு உண்மை. ஆனால் முழுப் பாடியையும் பெயின்ட் குளத்தில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூடிய குழாய்களுக்குள்ளும் பூச்சு ஏறச் செய்யும் இன்றைய முறை 1970-களின் பிற்பகுதியில்தான் உலகில் பரவியது. துத்தநாகம் பூசிய தகட்டில் முழு பாடி செய்வதைப் போர்ஷே 911 தொடங்கியதும் 1970-களின் நடுவில்தான். அதற்கு முந்தைய ஹெரால்டிலும் ஃபியட்டிலும் அம்பாசடரிலும் படிக்குள்ளும் தூணுக்குள்ளும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஸ்பிரே துப்பாக்கி எட்டாத இடங்களில் தகடு ஏறக்குறைய வெறுமனே நிற்கிறது. கனம் சில ஆண்டுகளை வாங்கிக் கொடுத்தது. அந்த ஆண்டுகள் தீர்ந்துவிட்டன.

நீர் வரும் வழி, போகும் வழி

கதவுக்குள் நீர் போவது குறையே இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். கண்ணாடி ஏறி இறங்கும் வாயில் இருக்கும் பீடிங் மழையை முழுதாகத் தடுக்காது. உள்ளே இறங்கும் நீர் கதவின் அடியிலுள்ள வடிதுளைகள் வழியே போய்விட வேண்டும். அந்தத் துளைகள் வேப்பம்பூவும் புங்க இலைத் தூளும் புழுதியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்போது கதவு தொட்டியாகிறது. புதிதாகப் பெயின்ட் அடிக்கும்போது பட்டியாலும் பெயின்டாலும் துளையையே மூடிவிடுவது நம் பட்டறைகளில் சர்வசாதாரணம். தார் அடிப்பவர்கள் படியின் அடித்துளைகளை அடைத்துவிடுவதும் அப்படியே. பல ஆயிரம் செலவழித்து அழகுபடுத்திய வண்டி மூன்றே மழைக்காலத்தில் கதவின் கீழ்விளிம்பில் கொப்புளம் விடுவதற்கு இந்த மூடிய துளையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

முன்கண்ணாடி ரப்பர் இன்னொரு பெரிய வழி. ஐம்பது ஆண்டு வெயிலில் ரப்பர் இறுகிச் சுருங்கும். அதன் மூலைகளில் நுழையும் நீர், டேஷ்போர்டுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் வழிந்து, ஓட்டுநரின் கால் வைக்கும் தரைக்கு வந்து, கார்ப்பெட்டின் அடியிலுள்ள சணல் விரிப்பில் தங்கும். மேலே கார்ப்பெட் காய்ந்திருக்கும். அடியில் விரிப்பு வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். டிக்கியிலும் இதே கதைதான். டிக்கிக் கதவின் பீடிங், பின்விளக்குகளின் ரப்பர் வளையம், பின்கண்ணாடி ஆகியவற்றில் வரும் நீர் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் போய்ச் சேரும். ஸ்டெப்னியைக் கடைசியாக எப்போது தூக்கிப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பலருக்கும் விடை வராது.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கார்ப்பெட்டையும் விரிப்பையும் எடுத்துவிட்டு, ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார வேண்டும். மற்றவர் தோட்டத்துக் குழாயில் அழுத்தமில்லாத நீரைக் கீழிருந்து மேலாக, ஓரிடத்தில் சில நிமிடங்கள் வீதம் விட்டுக்கொண்டே வர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரேயடியாக நனைந்து, எது வாசல் என்று தெரியாமல் போகும். பீடிங் எங்கே சேரவில்லை என்பதற்கு, அதில் முகப்பவுடரைத் தடவிக் கதவை மூடித் திறந்தால் பவுடர் ஒட்டாத இடம் காட்டிக்கொடுக்கும். வாட்டர் சர்வீஸ் நிலையத்தின் வேகக் குழாயை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்துவது தவறு. அந்த அழுத்தம் நல்ல பீடிங்கையும் தாண்டி நீரை ஏற்றும். அதே காரணத்தால், மாதந்தோறும் அடிப்பாகத்தை வேகக் குழாயால் கழுவும் பழக்கத்தையும் நான் ஏற்கவில்லை. மடிப்புகளில் உள்ள சேற்றை மிருதுவாக நனைத்து, மரக்குச்சியால் எடுத்து, கழுவி, வெயிலில் காயவிடுவது மெதுவான வேலைதான். ஆனால் வெளியே வர வேண்டியதை அது உள்ளே தள்ளாது.

உள்ளே பார்ப்பதற்கு இப்போது ஒரு நல்ல வசதி வந்திருக்கிறது. கைப்பேசியில் இணைக்கும் மெல்லிய குழாய்க் கேமரா குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வடிதுளை வழியாகவோ உட்புற அட்டையைக் கழற்றிய துளை வழியாகவோ அதைப் படிக்குள் விட்டால், இதுவரை யூகித்துக்கொண்டிருந்ததை நேராகப் பார்க்கலாம். பட்டியைக் கண்டுபிடிக்கப் பழைய காந்தமே போதும். தகட்டின் மேல் பட்டி தடித்திருந்தால் காந்தம் ஒட்டாது. தட்டிப் பார்க்கும்போது கணீரென்ற ஒலி மங்கி 'டொக்' என்று கேட்குமிடத்திலும் நின்று யோசிக்க வேண்டும்.

மருந்துகளின் கணக்கு

தார்ப்பூச்சுக்கு நம் ஊரில் இருக்கும் மதிப்பு மிகையானது. புதிய, சுத்தமான, உலர்ந்த தகட்டின் மேல் அடித்தால், கல் தெறிப்பதிலிருந்து அது காக்கும். நாட்பட அது இறுகி, வெடிப்பு விடும். வெடிப்பில் புகும் நீர் பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே தந்துகியாகப் பரவும். வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பாக, கெட்டியாக, நலமாகத் தெரியும். கத்தி முனையால் நெம்பினால் தட்டுத் தட்டாகத் துருவோடு பெயர்ந்து வரும். ஏற்கெனவே துருவேறிய அடிப்பாகத்தை விற்பதற்கு முன் தாரால் மூடுகிற வழக்கமும் இருக்கிறது. புதிதாகத் தார் அடித்த பழைய காரை வாங்குபவர் கூடுதல் விலை கொடுப்பதற்குப் பதில் கூடுதல் சந்தேகம் கொள்ளலாம்.

வேஸ்ட் ஆயிலும் டீசலும் அடிக்கும் பழக்கத்தில் ஓர் உண்மை உண்டு: எண்ணெய் இடுக்குகளுக்குள் ஊர்ந்து போகும். அந்தக் குணம்தான் வேண்டும். ஆனால் டீசல் நாளடைவில் ஆவியாகிவிடும். ஓடித் தேய்ந்த இன்ஜின் ஆயிலில் அமிலமும் உலோகத் தூளும் இருக்கும். இரண்டும் ரப்பர் புஷ்களை ஊதச் செய்யும். சொட்டி நிலத்தையும் கெடுக்கும். அதே ஊர்ந்துபோகும் குணத்தோடு, ஆவியாகாமல் மென்மையான படலமாக நிற்கும்படி செய்ததுதான் உட்குழிவுகளுக்கான மெழுகும், ஆட்டுக் கம்பளிக் கொழுப்பான லனோலினால் ஆன பூச்சுகளும். மெழுகை நீண்ட குழலின் முனையில், எல்லாப் பக்கமும் பீய்ச்சும் மூக்கு வைத்துப் படிக்குள்ளும் தூணுக்குள்ளும் கதவுக்குள்ளும் அடிக்க வேண்டும். அது இறுகி வெடிக்காது. சிறு கீறல் விழுந்தாலும் வெயில் சூட்டில் இளகி ஓரளவு மூடிக்கொள்ளும். என் தீர்ப்பில், பாடியை வெட்டாமல் உள்துருவைத் தள்ளிப்போடும் வழிகளில் இதற்கு இணையானது வேறில்லை.

ஆனால் மெழுகு வெற்றிபெறுவது காய்ந்த தகட்டின் மேல்தான். ஈரத்தின் மேல் அடித்தால் ஈரத்துக்கே அது போர்வையாகும். ஆகவே காலம் முக்கியம். சித்திரை, வைகாசியில், கத்திரி வெயிலில் வண்டியைச் சில நாள் கதவு திறந்து நிறுத்தி, படித்துளைகளைக் கவனமாகப் பார்த்துச் சுத்தப்படுத்தி, உதிரும் துருத்தூளைக் காற்றடித்து வெளியேற்றிய பிறகு அடிப்பது நல்லது. சூட்டில் மெழுகு இளகி மடிப்புகளுக்குள் ஓடும். நம் வெயிலுக்கு எளிதில் உருகாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அடித்து முடித்ததும் வடிதுளைகள் மெழுகால் அடைத்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றையும் மழுங்கிய பிளாஸ்டிக் கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கேமராவை விட்டுப் பார்த்து, காய்ந்த இடத்தில் மறுபடி அடித்தால் போதும். மெழுகு தீப்பற்றும் என்பதால், அடுத்த வெல்டிங் வேலைக்கு வரும் ஆளிடம் அது உள்ளே இருப்பதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

அடைத்து வைப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் பெரிய தொழிற்சாலைகளையே ஏமாற்றியிருக்கிறது. நேப்பிள்ஸ் அருகே பொமிலியானோவில் 1970-களில் உருவான ஆல்ஃபாசுட் காரின் உட்குழிவுகளில் துருவைத் தடுக்கவென்று நுரை நிரப்பினார்கள். அந்த நுரை ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு தகட்டை உள்ளிருந்தே தின்றது. லான்சியா பீட்டாவில், இன்ஜினைத் தாங்கும் உபசட்டம் பொருந்தும் பகுதியில் நீர் தேங்கி அரித்ததால், 1980-இல் பிரிட்டனில் அந்தக் கம்பெனி வாடிக்கையாளர்களிடமிருந்து கார்களைத் திரும்ப வாங்கும் அவமானம் நேர்ந்தது. வடிவதற்கு வழியில்லாத குழிவு, அவ்வளவுதான் காரணம். இன்றும் ஓட்டை விழுந்த படிக்குள் நுரைப் பசையைப் பீய்ச்சி மேலே பட்டி இழைக்கும் வேலை நடக்கிறது. அது பழுதுபார்ப்பு என்ற பெயருக்கே உரியதில்லை. பாரம் தாங்கும் உறுப்பில் செய்தால் உயிருக்கே ஆபத்து.

பட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலியெஸ்டர் பட்டி நீரை உறிஞ்சும். வெறும் தகட்டின் மேல் அதை வைத்து, பெயின்ட் அடிக்கத் தாமதித்தால் காற்றின் ஈரமே அதற்குள் போய்விடும். ரெட் ஆக்ஸைடு பிரைமரும் நீர் புகும் பூச்சுதான். அதை மட்டும் அடித்துவிட்டு மழையில் நிறுத்திய வண்டி அடியில் துருவேறும். சுத்தமான தகட்டுக்கு முதலில் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் மெல்லிய பட்டி, தகடுகள் சேரும் கோட்டில் இடுக்கை மூடும் சீலன்ட், வெல்டிங் ஆகும் மடிப்பின் உட்புறத்தில் துத்தநாகப் பிரைமர். இந்த வரிசை மாறாமல் செய்யும் டிங்கரையும் பெயின்டரையும் கண்டுபிடித்தால் அவர்கள் கேட்கும் கூலியைக் கொடுத்துவிடலாம்.

துருவை மாற்றும் திரவங்களில் இரண்டு வகை. பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்புப் பாஸ்பேட்டாக்குகிறது. டானிக் அமிலம் நீலக்கறுப்பான இரும்பு டானேட்டாக்குகிறது. கலம்காரிக் கலைஞர்கள் கடுக்காயில் தோய்த்த துணியின் மேல் இரும்புக் கரைசலை ஓட்டிக் கறுப்பு வரவழைப்பதும் இதே வினைதான். உதிரும் துருவைத் தேய்த்தெடுத்த பிறகு எஞ்சும் மெல்லிய படலத்தில் இவை நன்றாக வேலை செய்யும். தடித்த துருவின் மேல்தோலை மட்டும் கறுப்பாக்கிவிட்டு உள்ளே விட்டுவிடும். பாட்டரியில் இணைத்தால் காருக்கே துரு வராது என்று விற்கும் மின்னணுப் பெட்டிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். கப்பலிலும் நிலத்தடிக் குழாயிலும் மின்வழிப் பாதுகாப்பு பலிப்பது அவை இடைவிடாமல் நீரிலோ ஈர மண்ணிலோ மூழ்கியிருப்பதால். காற்றில் நிற்கும் காரைச் சுற்றி அந்தச் சுற்று முழுமையாவதில்லை. முழு பாடியையும் அமிலத் தொட்டியில் முக்கித் துருவெடுப்பது வேறு வகை ஆபத்து. மடிப்புகளில் அமிலம் தங்கும். குழிவுகளுக்குள் இருந்த பழைய பூச்சும் போய்விடும். அங்கே மறுபடி பூச்சு ஏற்ற வழியில்லாவிட்டால் அந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

நிறுத்தி வைக்கும் முறை

பழைய கார் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் மிக அதிகம். அதனால் நிறுத்துமிடமே பாதி மருத்துவம். திறந்த வானத்தின் கீழ் நிற்கும் தகடு இரவில் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அதன் மேல் பனி படிவது அதனால்தான். தலைக்கு மேல் ஒரு கூரை இருந்தாலே, பக்கங்கள் திறந்திருந்தாலும், அந்த இழப்பு பெரிதும் குறைந்துவிடும். பிளாஸ்டிக் கவர் இதற்கு நேர்மாறு. தரையிலிருந்து எழும் ஈரம் கவருக்கு அடியில் ஏறி, வெளியேற வழியின்றித் தகட்டிலேயே படியும். மழையில் நனைந்த காரின் மேல் கவர் போடுவதுபோல் கெடுதல் வேறில்லை. கவர் வேண்டுமென்றால் காற்றுப் புகும் துணி. அதுவும் காய்ந்த வண்டிக்கு, காய்ந்த தரையின் மேல்.

கடலை ஒட்டிய வீடுகளுக்கு இந்த விதியைச் சற்றுத் திருத்த வேண்டும். கடலை விட்டுத் தள்ளி, திருச்சியிலோ கோவையிலோ, பக்கம் திறந்த கொட்டகை சிறந்தது. திருவான்மியூரிலும் எண்ணூரிலும் அதே திறந்த பக்கம் உப்பைக் கொண்டுவரும். கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் காற்றிலுள்ள உப்பு மிக அதிகம். உள்ளே போகப்போக வேகமாகக் குறையும். அங்கே மூடிய அறையும், ஈரம் உறிஞ்சும் கருவியும், சிமென்ட் தரைக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பும் இருந்தால் நல்லது. வெர்னன் கண்ட எல்லைக்கு உட்பட்டு, அறையின் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டை ஒட்டி வைத்திருந்தால் அரிப்பு பெரிதும் குறையும். கருவி வைக்க முடியாதவர்கள் காரைக் கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் உறவினர் வீட்டில் விடுவது, எந்தப் பூச்சையும்விட மலிவான பாதுகாப்பு.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்தும் வழக்கம் நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. சூடேறாத சைலன்சரில் அந்த ஆவி குளிர்ந்து அமிலநீராகத் தேங்கும். இன்ஜின் ஆயிலிலும் கலக்கும். ஓட்டுவதானால் சைலன்சர் முழுக்கச் சூடேறும்வரை, ஒரு அரைமணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும். நேரமில்லையென்றால் ஸ்டார்ட் செய்யாமல் விடுவதே மேல்.

வண்டியின் உள்ளோட்டங்களிலும் இதே ஈரம்தான். டிஓடி 3 பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். 205 டிகிரியில் கொதிக்க வேண்டியது, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்ததும் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும், சிலிண்டரின் உட்சுவரும் குழியாகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். ரேடியேட்டருக்கு ஆழ்குழாய்க் கிணற்று நீர் வேண்டாம். துரு தடுக்கும் கூலன்ட் போதும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நீரை ஈர்க்கும் என்பதால், மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியின் இரும்பு டேங்க்கில் பழைய பெட்ரோலை விட்டுவைக்கக் கூடாது.

வெள்ளத்துக்குப் பிறகு

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. இன்ஜினுக்கு எல்லோரும் பயந்தார்கள், அது நியாயமே. ஆனால் வெள்ளம் வடிந்து பல மாதம் கழித்தும் வேலை செய்துகொண்டிருந்தது படிக்குள்ளும் சேஸிக் குழாய்க்குள்ளும் படிந்த வண்டல். சாக்கடை உப்பும் களிமண்ணும் கலந்த அந்தச் சேறு எவன்ஸின் துளியைப் பல கிலோ அளவில் உள்ளே கொண்டுவந்து வைத்ததற்குச் சமம்.

மூழ்கிய பழைய காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. பாட்டரியைக் கழற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டுத்தான் இன்ஜினைக் கையால் சுற்ற வேண்டும். சீட், கார்ப்பெட், விரிப்பு, கதவின் உட்புற அட்டை எல்லாவற்றையும் அன்றே வெளியே எடுக்க வேண்டும். பிறகு எல்லோரும் தவிர்க்க நினைக்கும் வேலை வருகிறது. காயவிடும் முன் மறுபடி நனைக்க வேண்டும். சேறு காய்ந்து இறுகிவிட்டால் படிக்குள்ளிருந்து அதை எடுக்க வழியே இல்லை. மேல்துளைகள் வழியே நல்ல தண்ணீரை விட்டு, அடித்துளைகளில் தெளிந்த நீர் வரும்வரை கழுவிவிட வேண்டும். அதன்பின் ஊதுகாற்றும் வெயிலும் கொண்டு வாரக்கணக்கில் உலர்த்தி, கேமராவில் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே மெழுகு. அவசரப்பட்டு அடுத்த வாரமே தாரோ மெழுகோ அடித்தவர்கள் வண்டலை உள்ளே வைத்து முத்திரை போட்டார்கள்.

சட்டமும் இப்போது இந்தப் பொறுமைக்குப் பரிசு தருகிறது. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளைத் தொன்மை வாகனமாகத் தனி வரிசையில் பதிவு செய்யலாம். அதற்கு வண்டி தன் மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும். சேஸியிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அரித்ததையெல்லாம் வெட்டி, தோன்றியபடி தகடு கட்டிய வண்டி அந்தத் தகுதிக்குப் போராட வேண்டியிருக்கும்.

ஆகவே பட்டறைகளிடம் ஒரு கோரிக்கை. புதுப்பித்த வண்டியை ஒப்படைக்கும்போது பெயின்டின் நிற எண்ணை எழுதிக் கொடுக்கிறீர்கள். அதோடு ஒரு தாளில் வண்டியின் அடிப்பாகத்தை வரைந்து, கதவு, படி, டிக்கி, சேஸி என்று எங்கெங்கே வடிதுளை இருக்கிறது, எந்தத் துளை வழியே மெழுகு அடித்தீர்கள், எந்த மாதம் அடித்தீர்கள் என்று குறித்துக் கொடுங்கள். கேமராவில் எடுத்த படங்களையும் சேர்த்துக் கொடுத்தால், புரட்டாசியில், மழை தொடங்கும் முன் சொந்தக்காரரே ஒரு மழுங்கிய கம்பியோடு அடியில் படுத்து அந்தத் துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட முடியும்.